விற்பதா, வைத்துக்கொள்வதா? ஒட்டாவா ஹாக்கி அரங்கின் பின்வாசல் வழியே ஒரு நாள்

சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள். கழுத்தில் தொங்குகிற இந்த பாஸ் இன்றைக்கு ஒரு நாள்தான் செல்லும். அதற்குள் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்துவிட வேண்டும்!

முன்வாசலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. சிவப்பு ஜெர்சிக் கூட்டம் மாலையில்தான் வரும். நாம் நுழைவது லாரிகள் சரக்கு இறக்குகிற பின்பக்கம். வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிர். உள்ளே ஏறினால் வரிசையாகப் பாப்கார்ன் மூட்டைகள், பியர் பீப்பாய்கள், யாரோ மறந்துபோன ஒற்றைக் கையுறை. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்கு மேற்கே கனாட்டா என்கிற புறநகரில் இருக்கிறோம். விளைநிலத்துக்கு நடுவே கட்டி 1996இல் திறந்த அரங்கம் இது. இப்போதைய பெயர் கனேடியன் டயர் சென்டர். என்.எச்.எல். லீக்கில் ஆடும் ஒட்டாவா செனட்டர்ஸ் அணிக்கு இதுதான் வீடு.

நம்மை உள்ளே கூட்டிவந்த தம்பி, தொலைக்காட்சி ஒளிபரப்புக் குழுவில் கேபிள் இழுப்பவர். அம்மா அப்பா யாழ்ப்பாணம், இவர் வளர்ந்தது டொராண்டோ ஸ்கார்பரோவில். நம் கால் எங்கே படுகிறது என்பதிலேயே அவருக்குக் கண். “அண்ணை, அந்தக் கேபிளை மிதிச்சிடாதேங்கோ. பிறகு கனடா முழுக்கப் படம் போகாது!” சொல்லிவிட்டு அவரே அதில் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எதற்காக இந்த அரங்கம் என்று கேட்பீர்கள். ஓர் அணி தன் நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரை விற்றுவிட வேண்டுமா, கேட்கிற பணத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா? ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் ஒவ்வொரு கோடையிலும் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது. அந்தக் கேள்வி ஒரு ஊரையே அழவைத்த கதை நடந்தது இந்தக் கூரைக்கடியில்தான். ஆண்டு 2018. ஆள், எரிக் கார்ல்சன். ஜடேஜா மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு ராஜஸ்தானுக்குப் போனபோது சேப்பாக்கம் ரசிகர்களுக்கு வயிற்றில் என்ன செய்ததோ, அது இந்த ஊருக்கு ஏழு வருடம் முன்பே நடந்துவிட்டது.

முதலில் உபகரண அறை. கதவைத் திறப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஈரத்தோல், ரப்பர், வருடக்கணக்கில் ஊறிய வியர்வை, இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு காபி வாசனை. டிவியில் பளபளவென்று தெரிகிற வீரர்களின் நெஞ்சுக் கவசங்களும் தோள் கவசங்களும் இங்கே கொக்கிகளில் தொங்கி, மின்விசிறிக் காற்றில் காய்கின்றன. என்ன காய்ந்தாலும் அந்த வாடை போகாது, போகவும் விடமாட்டார்கள் என்கிறார் தம்பி. பழகிய கவசத்தை மாற்றினால் கோல் வராதாம்.

ஒரு மூலையில் சாணை மெஷின் சுற்றுகிறது. ஸ்கேட் காலணியின் இரும்பு விளிம்பைச் சக்கரத்தில் வைத்து இழுக்கும்போது பொறி பறக்கிறது. ஒருவருக்கு ஆழமாகத் தீட்ட வேண்டும், இன்னொருவருக்கு மேலோட்டமாக. அதெல்லாம் அந்தப் பொறுப்பாளருக்கு மனப்பாடம். தீட்டி முடித்ததும் விளிம்பை நகத்தில் லேசாக இழுத்துப் பார்க்கிறார். நகம் சீவினால் சரி. பக்கத்திலேயே ஒரு சின்ன ஃப்ரீசர். ஐஸ்கிரீம் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தால், கறுப்பு வட்டுகள்! பக் என்று சொல்வார்களே, அவைதான். உறையவைத்த பக் துள்ளாமல் வழுக்கிப் போகும் என்பதால் ஆட்டத்துக்கு முன் குளிரில் போட்டுவைக்கிறார்கள்.

மேசையில் கிடந்த காலுறை ஒன்றைத் தூக்கி நம் கையில் கொடுக்கிறார் பொறுப்பாளர். சாதாரணக் காலுறையைவிடக் கனம், தொட்டால் சற்றுச் சொரசொரப்பு. கெவ்லார் இழை கலந்து நெய்தது, கத்தி பட்டாலும் எளிதில் கிழியாது. இதை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் கதாநாயகன் வந்துவிடுகிறார். 2013 பிப்ரவரி 13, பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். பக்கப்பலகையோரம் பக்குக்காக மோதியபோது மேட் குக் என்ற எதிரணிக்காரரின் ஸ்கேட் கார்ல்சனின் இடது குதிகாலில் இறங்கியது. குதிகால் தசைநாண் முக்கால்வாசி அறுந்துபோனது. அந்த சீசன் அவ்வளவுதான் என்று எல்லோரும் எழுதி முடித்தார்கள். மனிதர் பத்தே வாரத்தில், அதே சீசனில் திரும்பி வந்து ஆடினார். இந்த மாதிரிக் காலுறை பல வீரர்களின் பையில் ஏறியது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

அந்த அறையில் என் மனதைக் கவர்ந்தது சாணை மெஷின் அல்ல, அதற்கு எதிரே இருந்த தையல் மெஷின். நம் ஊர் தெருமுனை டெய்லர் கடையில் இருப்பதற்கு இது ஒன்றும் பெரிய அக்கா இல்லை. ஜெர்சி கிழிந்தால் ஒட்டுப்போட, முதுகில் பெயரைத் தைக்க, எல்லாவற்றுக்கும் இதுதான். வெட்டிவைத்த எழுத்துகள் டப்பாவில் கிடக்கின்றன. ஒரு வீரர் கைமாறினால் செய்தி முதலில் வந்து சேர்வது இப்படிப்பட்ட அறைகளுக்குத்தான். பழைய பெயரைப் பிரிக்க வேண்டும், புதிய பெயரைத் தைக்க வேண்டும், போகிறவரின் ஸ்கேட்டையும் மட்டையையும் பையில் கட்டி அடுத்த விமானத்துக்கு அனுப்ப வேண்டும். கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்தின் கடைசி வேலை, ஊசியும் கத்தரிக்கோலும் செய்கிற வேலை!

இனி உடைமாற்றும் அறை. வாசலோடு சரி, உள்ளே காலெடுத்து வைக்க நமக்கு அனுமதியில்லை. எட்டிப் பார்ப்போம். ஆளுக்கொரு மரத்தடுப்பு, மேலே பெயர்ப்பலகை, கீழே கந்தல் கோலம். டேப் சுருள்கள், பாதி குடித்த தண்ணீர்ப் புட்டிகள், சூயிங்கம் உறைகள், பல் காக்கும் ரப்பர்த் தட்டு ஒன்று துண்டின் மேல். கம்பளத்தில் அணிச் சின்னம் இருந்தால் அதை மிதிக்கக் கூடாது என்பது இந்த லீக் முழுக்க எழுதாத சட்டம். நிருபர்கள் தெரியாமல் மிதித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் ஏராளம்.

காலைப் பயிற்சி முடிந்து, தலையில் ஆவி பறக்க வீரர்கள் வந்து உட்காருகிறார்கள். சிவந்த கழுத்து, ஒட்டிப்போன முடி. நிருபர்கள் ஒருவரைச் சுற்றி வளைக்கிறார்கள். மைக்குகள் அவர் மோவாயை இடிக்கும் தூரத்தில். ஒப்பந்தம் பற்றி யாராவது கேட்டால் போதும், லீக் முழுவதும் ஒரே பதில்தான் வரும்: அதையெல்லாம் என் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார், நான் இன்றைய ஆட்டத்தை மட்டும்தான் யோசிக்கிறேன். சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். கண் மட்டும் தரையில் இருக்கும்.

கார்ல்சனும் இந்த வட்டத்துக்கு நடுவில் ஆண்டுக்கணக்காக நின்றவர். அவர் வந்த விதமே சினிமாதான். 2008இல் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் நடந்தது இதே அரங்கத்தில். செனட்டர்ஸ் 15ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்த பெயரை மேடையேறி அறிவித்தவர், ஊரே கொண்டாடிய கேப்டன் டேனியல் ஆல்ஃப்ரெட்சன். அவரும் ஸ்வீடன்காரர், வந்த பையனும் ஸ்வீடன்காரன். ஒல்லிப்பிச்சான். இவன் எங்கே எதிரியைத் தடுக்கப்போகிறான் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2012இல், 22 வயதில், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினான் அந்தப் பையன். 2015இல் மறுபடியும். இடையில் 2014இல் கேப்டன் பதவி.

பெயருக்குத்தான் தடுப்பாட்டக்காரர். பக்கைப் பின்களத்தில் எடுத்து, ஆடுகளம் முழுவதும் தானே ஓட்டிக்கொண்டு போய், யாரும் எதிர்பாராத இடத்தில் நிற்கிறவனுக்குத் தள்ளிவிடுவார். 60 நிமிட ஆட்டத்தில் 25 நிமிடத்துக்கு மேல் பனியில் நிற்பார். 2017 பிளேஆஃபில் குதிகால் எலும்பில் மயிரிழை விரிசல்களோடு ஆடி, 19 ஆட்டத்தில் 18 புள்ளி (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். ஏழாவது ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரம், ஒரே ஒரு கோல். பிட்ஸ்பர்க் இறுதிக்குப் போனது, ஒட்டாவா வீட்டுக்கு வந்தது. அந்த ஒரு கோல் இங்கே போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மதியம். பிரம்மாண்டமான அரங்கத்தில் ஈ காக்கா இல்லை. வீரர்கள் எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள்! வேடிக்கை இல்லை. ஆட்ட நாளில் மதியத் தூக்கம் இந்தத் தொழிலின் கட்டாய வழக்கம். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற இளைஞர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில், ஒரு தொழிலாளி பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் நேற்றைய பாப்கார்னைத் துடைப்பத்தால் கூட்டுகிறார். காதில் இயர்போன், வாயில் பாட்டு, ஆளில்லாத ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்குக் கச்சேரி.

நாம் மேலே ஏறுவோம். கூரையை ஒட்டிய பத்திரிகையாளர் மாடம். இதே உயரத்தில்தான் அணி நிர்வாகிகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கிருந்து பார்த்தால் ஆடுகளம் வெள்ளைத் தாள் மாதிரி. விற்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர்கள் ஆட்டத்தை இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கீழே சாணை பிடிப்பவருக்கு அந்த வீரனின் கால் விரல் வீங்கியிருப்பது தெரியும். மேலே இருப்பவருக்குத் தெரிவது அவனுடைய விலை.

2018இல் அந்த விலை என்ன? கார்ல்சன் 2012இல் போட்ட ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 4 கோடியே 55 லட்சம் டாலர். ஆண்டுக்கு 65 லட்சம். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தள்ளுபடி விலை. 2019 கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. 2018 கோடையில், அவர் வயதுக்காரரும் அவரைப் போலவே நாரிஸ் கோப்பை வாங்கியவருமான ட்ரூ டவுட்டி லாஸ் ஏஞ்சலிஸ் அணியோடு எட்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இதற்குக் கீழே கார்ல்சன் எப்படி வருவார்? அந்த சீசனில் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க லீக் விதித்த உச்சவரம்பே 7 கோடியே 95 லட்சம்தான். ஒரே ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு! அதுவும் அந்த ஆள் 37 வயதை எட்டுகிறவரை.

பணம் மட்டுமா சிக்கல்? 2017-18 சீசனில் அணி 31இல் 30ஆவது இடத்துக்குச் சரிந்தது. உரிமையாளர் யூஜின் மெல்னிக் அணியை வேறு ஊருக்கு மாற்றவும் தயங்கமாட்டேன் என்கிற தொனியில் பேசிவைக்க, ரசிகர்கள் கைக்காசு போட்டு அவரை வெளியேறச் சொல்லி நகரத்தில் விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அந்த பிப்ரவரி 26, வீரர் மாற்றத்துக்குக் கடைசி நாள், மாலை மூன்று மணிக் கெடு. கார்ல்சன் லாஸ் வேகாஸுக்குப் போகிறார் என்ற செய்தி நாள் முழுக்கப் பறந்தது. மூன்று மணி அடித்தது. யாரும் எங்கும் போகவில்லை. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

என்னைக் கேட்டால் அந்தப் பெருமூச்சுதான் ஊர் செய்த பிசகு. ஒத்திப்போட்டதை எல்லோரும் தீர்ந்துபோனது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒத்திப்போடுவதன் ஆபத்து என்ன என்று அந்த ஜூலை 1ஆம் தேதியே லீக்குக்கு ஒரு பாடம் கிடைத்தது. நியூயார்க் ஐலண்டர்ஸ் தன் கேப்டன் ஜான் டவாரெஸை விற்கவும் இல்லை, கையெழுத்து வாங்கவும் முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் டொராண்டோவுக்கு நடையைக் கட்டினார். பதிலுக்கு ஐலண்டர்ஸுக்கு ஒரு செல்லாக்காசுகூட வரவில்லை. அதே கோடையில் ஒட்டாவா கார்ல்சனுக்குப் புதிய ஒப்பந்தம் நீட்டிப் பார்த்தது. கையெழுத்து விழவில்லை. செப்டம்பர் 13, பயிற்சி முகாம் தொடங்குகிற வேளையில், பொது மேலாளர் பியர் டோரியன் அவரை சான் ஹோசே ஷார்க்ஸுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த மாதிரி மாற்றம் எப்படி நடக்கும் தெரியுமா? சினிமாவில் வருவதுபோல் கைகுலுக்கல் எல்லாம் கிடையாது. தொலைபேசி, தொலைபேசி, மறுபடியும் தொலைபேசி. இரண்டு மேலாளர்கள் பேசி முடித்தபின் மருத்துவர்கள் பேச வேண்டும்: முழங்கால் எப்படி, குதிகால் எப்படி? எந்தெந்த ஊருக்குப் போகமாட்டேன் என்று வீரர் எழுதிக்கொடுத்த பட்டியல் ஒப்பந்தத்தில் இருக்கும். கார்ல்சனிடம் பத்து அணிகள் கொண்ட பட்டியல் இருந்தது. அதையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் லீக் அலுவலகத்தோடு ஓர் அழைப்பு. அங்கே ஒருவர் நிபந்தனைகளை வரிவரியாக வாசிப்பார், இரு தரப்பும் ஆமாம் ஆமாம் என்பார்கள். முடிந்தது. அந்த ஆமாமுக்குப் பிறகுதான் கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கும்.

ஷார்க்ஸ் கொடுத்தது, கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் தோற்றுப்போகும். ஆடிக்கொண்டிருந்த இருவர், கிறிஸ் டியர்னி, டிலன் டெமெலோ. வளர்ந்து வருகிற இருவர், ஜோஷ் நாரிஸ், ரூடால்ஃப்ஸ் பால்சர்ஸ். மேலே வருங்கால டிராஃப்ட் இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஆனால்’. ஷார்க்ஸ் 2019இல் பிளேஆஃபுக்குத் தகுதி பெறாவிட்டால் அந்த ஆண்டின் முதல் சுற்று இடம், தகுதி பெற்றால் 2020இன் முதல் சுற்று இடம். கார்ல்சன் அங்கே மறு ஒப்பந்தம் போட்டால் இன்னொன்று. ஷார்க்ஸ் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போனால் அந்த இன்னொன்றின் தரம் உயரும். அந்த சீசனிலேயே அவரைக் கிழக்குப் பிரிவு அணி எதற்காவது கைமாற்றினால் அதற்கும் தனிக் கப்பம்! வாசித்த ரசிகர்களுக்குத் தலை சுற்றியது. பட்டியலில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே என்று கொதித்தார்கள். 627 ஆட்டம், 518 புள்ளி ஆடிக்கொடுத்த மனிதருக்கு இவ்வளவுதானா?

அன்று கார்ல்சன் இங்கே நிருபர்கள் முன்னால் வந்து விடைபெற்றார். டிசம்பர் 1ஆம் தேதி ஷார்க்ஸ் சட்டையில் திரும்பி வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தில் ஒட்டாவா 6-2 என்று ஜெயித்தது வேறு விஷயம். கைதட்டும் உண்டு, கோலும் உண்டு. இந்த ஊர்க்காரர்களின் கணக்கு அப்படி.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கீழே இறங்கி வாருங்கள், நல்ல வேடிக்கை ஒன்று இருக்கிறது. உடைமாற்றும் அறைக்கு வெளியே கான்கிரீட் நடைபாதையில் தடதடவென்று சத்தம். அரைக்கால் சட்டையும் செருப்புமாகத் தூங்கி எழுந்த முகங்களோடு வட்டம் கட்டி நின்று, கால்பந்தைத் தரையில் படாமல் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். லீக்கில் எந்த அரங்கத்துக்குப் போனாலும் ஆட்டத்துக்கு முன் இதைப் பார்க்கலாம். விட்டவன் வெளியே. விட்டவன் விடவில்லை என்று சாதிக்க, மற்றவர்கள் கூச்சல் போட, பந்து எகிறிக் கூரைக் குழாயில் இடித்து நம் காலடிக்கு வந்தது. தம்பிக்கு அப்படியொரு பூரிப்பு. உள்ளங்காலால் நிறுத்தி அழகாகத் திருப்பி அனுப்பினார். “கண்டியளோ அண்ணை? நானும் என்.எச்.எல். ஆடிட்டன்!”

ஆட்டம் தொடங்கிவிட்டது. நாம் நிற்பது கண்ணாடித் தடுப்பை ஒட்டி, கேமரா ஆட்களுக்கு விட்ட ஓட்டைக்குப் பக்கத்தில். டிவியில் கேட்காத சத்தமெல்லாம் இங்கே கேட்கிறது. ஸ்கேட் பனியைச் சுரண்டுகிற கரகரப்பு. மாற்று ஆட்டக்காரர் பலகையைத் தாண்டிக் குதிக்கும்போது விடுகிற முனகல். ஒரு வார்த்தைகூட இங்கே அச்சிட முடியாத வசைகள், இரண்டு மூன்று மொழிகளில். முக்கால் நிமிடம் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தவரின் முதுகு உலைத்துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது. ஒருவர் அமோனியா உப்பை மோந்து தலையை உதறுகிறார். இன்னொருவர் தண்ணீரைப் பாதி வாய்க்கும் பாதி முகத்துக்கும் ஊற்றிக்கொள்கிறார். திடீரென்று நம் மூக்குக்கு நேரே இரண்டு பேர் மோத, கண்ணாடி அதிர, நான் பின்வாங்கியதில் தம்பியின் கேபிளை மிதித்தேவிட்டேன். கனடா முழுக்கப் படம் தொடர்ந்து போனது, கவலைப்படாதீர்கள்.

அதோ, பனியில் வளைந்து போகிற 18ஆம் எண்ணைப் பாருங்கள். டிம் ஸ்டுட்ஸ்லே, ஜெர்மனிக்காரர். கார்ல்சனைக் கொடுத்து வாங்கியது இவரைத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? ஷார்க்ஸ் 2019இல் பிளேஆஃபுக்குப் போனதால் ஒட்டாவாவுக்குக் கிடைத்தது 2020இன் முதல் சுற்று இடம். அந்த சீசனில் ஷார்க்ஸ் தரைமட்டமாகச் சரிய, இடம் மூன்றாவதாக உயர்ந்துவிட்டது! தொற்றுக் காலம் என்பதால் டிராஃப்டைத் திரையில் நடத்தினார்கள். ஒட்டாவாவின் தேர்வை அறிவித்தவர், இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஜெப்பர்டி வினாடி வினாவால் வட அமெரிக்கா முழுக்கப் புகழ்பெற்ற அலெக்ஸ் ட்ரெபெக். விடையைக் கேள்வியாகச் சொல்கிற தன் நிகழ்ச்சிப் பாணியிலேயே ஸ்டுட்ஸ்லே பெயரைச் சொன்னார். அடுத்த மாதம் அவர் காலமானார். பட்டியலில் இருந்த ஜோஷ் நாரிஸ் 2021-22இல் 35 கோல் அடித்தார். 2025இல் அவரை பஃபலோவுக்கு அனுப்பி டிலன் கசன்ஸை வாங்கினார்கள். ஆக, இரண்டு முக்கிய முன்களக்காரர்களுக்கு வேர், அன்று ஊரே காறித்துப்பிய அந்தச் சீர்வரிசையில் இருக்கிறது.

அப்படியானால் விற்றது வெற்றிதானே என்று அவசரப்படாதீர்கள். கார்ல்சனை விற்ற பிறகும் இந்த அரங்கம் பிளேஆஃபைப் பார்க்க 2025 வரை காத்திருந்தது. ஷார்க்ஸும் சுகப்படவில்லை. 2019இல் அவருக்கு எட்டு ஆண்டுக்கு 9 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தம் தொடங்கியபின் அவர் அங்கே ஆடிய நான்கு சீசனிலும் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2022-23இல் அவர் மட்டும் 101 புள்ளி எடுத்து மூன்றாவது நாரிஸ் கோப்பையை வாங்கினார். 1992க்குப் பிறகு எந்தத் தடுப்பாட்டக்காரரும் நூறைத் தொட்டதில்லை. மனிதர் வானத்தில், அணி பாதாளத்தில். அடுத்த ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்குக்குக் கைமாறினார்.

இப்போது 85ஆம் எண்ணைப் பாருங்கள், ஜேக் சாண்டர்சன். எதிரி வருகிறான் என்று தெரிந்தும் பதறாமல் பின்பக்கமாகவே வழுக்கி, கடைசி நொடியில் மட்டையை நீட்டி பக்கைத் தட்டிவிடுகிறார். பக்கத்தில் இருந்த கேமராக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பாராட்டு இங்கே அவ்வளவுதான். சாண்டர்சனுக்கு முன்னே அணிக்கு வந்த தாமஸ் ஷாபோவும் தடுப்பாட்டக்காரர். இவர்கள் இருவரின் ஒப்பந்தத் தேதியைக் கவனித்தால் இந்த அணி என்ன கற்றுக்கொண்டது என்று புரிந்துவிடும். ஷாபோ 2019 செப்டம்பரில், 22 வயதில், எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 80 லட்சம். சாண்டர்சன் 2023 செப்டம்பரில், 21 வயதில், எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 80 லட்சத்து 50 ஆயிரம். இருவருக்கும் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தபோதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மீதி ஓராண்டு இருக்கும்போதுதான் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியும் என்பது லீக் விதி. கதவு திறந்த கோடையிலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்தது. ரசிகர்கள் கார் நிறுத்துமிடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பின்பக்கத்தில் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குகிறது. துணிமூட்டைகள் தள்ளுவண்டியில் வந்து விழுகின்றன. சலவை மெஷின்கள் உறுமுகின்றன. ஈரத் துண்டுகளுக்கு நடுவே சிக்கியிருந்த பல் தட்டு ஒன்றை உதவியாளர் உயர்த்திக் காட்டி, யாருடையது என்று கத்த, குளியலறையிலிருந்து ஒரே சமயத்தில் மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். சாணை பிடிக்கிறவர் நாளைய பயிற்சிக்கு ஸ்கேட்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். கார்ல்சனை விற்றது சரி. விற்ற நேரம் தவறு. பயிற்சி முகாம் வாசலில், எல்லோருக்கும் உன் நெருக்கடி தெரிந்தபின் விற்றால் பேரம் எதிராளி கையில். ஷார்க்ஸ் சரிந்தது ஒட்டாவாவின் அதிர்ஷ்டம், திட்டம் அல்ல. இளைஞனாக இருக்கும்போது, ஓராண்டு மீதி இருக்கும் கோடையிலேயே கையெழுத்து வாங்கு. முப்பதை நெருங்குகிறார், விலை ஒத்துவரவில்லை என்றால் அதே கோடையின் தொடக்கத்தில், டிராஃப்ட் நாளுக்குள் விற்றுவிடு. கெடு தேதி தாண்டிய நிம்மதியில் யாரும் தூங்க வேண்டாம்.

நீங்கள் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 1ஆம் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில வாரங்களில் அணி எதையும் அறிவிக்காவிட்டால், அவர் பெயர் போட்ட ஜெர்சியை அவசரப்பட்டு வாங்காதீர்கள்.